ஆறாம் பாடம்: வீட்டு விலங்குகள்

ஆறாம் பாடத்தில் ஒரு நாய் கம்பளத்தில் படுத்திருக்கிறது.
அடுத்த படத்தில் கண்ணாடிக் குடுவை, அதற்குள் சிவப்பு மீன்.
குழம்பில் போடாத மீனைக் காசு கொடுத்து வாங்கி
பேர் வைத்து
தினமும் அதற்குத் தீனி போடுவார்களாம்.
தொண்டிக் கரையில் இதைச் சொன்னால்
வலை பிரிக்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

'உங்களிடம் விலங்கு உண்டா?'
பரிட்சையில் கட்டாயம் வரும் என்றாள் ரெஜினா.
காரைக்காலில் இருந்து கைப்பேசிக்குள் வருகிறவள்,
என்னைவிட ஆறு வயது சின்னவள்.
அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கோழி கேறிக்கொண்டே இருக்கும்.
கோழியைச் சொல்லலாமா?
அது பண்ணை அக்கா, பன்னிரண்டாம் பாடம்.
ஆடு?
அதுவும் அங்கேதான்.
தின்னப் போவதை இந்தப் பக்கத்தில் சேர்ப்பதில்லை போல.
அப்போ மீன்?
அது சிவப்பு மீன் அக்கா.

மிச்சம் இருந்தது பூனை.
ஷா என்று சொல்ல வேண்டும்.
எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும்,
விருந்துக்கு வந்துவிட்டுச் சாப்பிடாத சம்பந்தி மாதிரி.

ஜே ஆன் ஷா.
நான் ஒரு பூனை வைத்திருக்கிறேன்.
வைத்திருக்கிறேனா?
எங்கள் பேச்சில் பூனை இருக்கும், அவ்வளவுதான்.
முற்றத்தில் வெயில் இருக்கிற மாதிரி,
மாமிக்குக் கோபம் இருக்கிற மாதிரி.
இவர்களுக்கு முதலில் நான் வர வேண்டும்,
பிறகு என் கை,
கைக்குள் பூனை.
அது என் கைக்குள் வந்ததே இல்லை.
காரப்பொடி ஆயும்போது மட்டும்
முழங்காலை உரசிக்கொண்டு நிற்கும்.

அடுத்த கேள்வி பேர்.
இல் சாப்பெல்: அது தன்னைத் தானே
இன்னபடி அழைத்துக்கொள்கிறது என்று அர்த்தமாம்.
மூன்று வருஷமாக 'ம்பஸ் ம்பஸ்' தான்.
அதை எழுதினால் ரெஜினா அடித்துவிடுகிறாள்.
பரிட்சைக்காக மிஸ்கீன் என்று வைத்தேன்.
வாசலில் நின்று மிஸ்கீன், மிஸ்கீன் என்று கூப்பிட்டேன்.
தெருவில் போன ஒரு மனுசர்தான் திரும்பிப் பார்த்தார்.

மர்ஜூக்கிடம் சொன்னேன்.
லா கூர்நேவில் எட்டாவது மாடி.
இங்கே பூனையை மடியில் வைத்து ரயிலில் போகிறார்கள் என்றார்.
உங்கள் அறையில்?
ஆறு பேர் இருக்கோம், பூனைக்கு எங்கே இடம்.
எனக்கு?
வீடு பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்றார்,
கொஞ்ச நேரம் கழித்து.

பரிட்சைக்கு முதல் நாள்
புது நீலப் பெட்டியைத் திறந்தால்
கம்பளிச் சட்டைக்கும் மாமி கொடுத்த சால்வைக்கும் நடுவில்
மிஸ்கீன் மூன்று குட்டி போட்டிருந்தது.

நாலு மாதமாக 'இல்', 'இல்' என்று
அதை ஆண்பிள்ளையாக்கி ஒப்பித்திருக்கிறேன்!
எங்கள் 'அது'வுக்கு இந்தச் சங்கடம் கிடையாது.
குட்டி போட்டாலும் அது, போடாவிட்டாலும் அது.
பெண் பூனைக்கு என்ன சொல் என்று ரெஜினாவைக் கேட்டேன்.
வாயைப் பொத்தினாள். ஒலி போய்த் திரும்பி வந்தது.
ஒரு சொல் இருக்கு அக்கா,
பரிட்சையில் மட்டும் சொல்லிடாதீங்க.
ஏன்?
சொல்லாதீங்க.
சரி, ஆணாகவே இருக்கட்டும்,
மூன்று குட்டிக்கும் பால் கொடுத்துக்கொண்டு.

புதுச்சேரியில், மூக்குநுனியில் கண்ணாடி வைத்த ஒருத்தர்
பேர் கேட்டார், ஊர் கேட்டார்,
கடல் பிடிக்குமா என்று கேட்டார்.
விலங்கைக் கேட்கவே இல்லை.
கதவு வரைக்கும் போனவள்
திரும்பி நின்று சொன்னேன்:
ஜே ஆன் ஷா.
த்ரே பியான் என்றார், கடிகாரத்தைப் பார்த்தபடி.

ராத்திரி முழுக்கப் பேருந்து. விடியும்போது தொண்டி.
சூடை இறங்கும் நேரம், தாய் கரைக்குப் போயிருந்தது.
கண் திறக்காத மூன்றில் ஒன்று
என் விரலை முகர்ந்து சப்பத் தொடங்கியது,
பல் இல்லாமல், ரொம்ப நம்பிக்கையாக.

வேறு பெட்டி வாங்க வேண்டும் என்று
மர்ஜூக்குக்கு எழுதினேன்.
புதுசுக்கு என்ன ஆச்சு என்று பதில் வந்தது.
அதில் பூனை இருக்கு என்று எழுதினேன்.